ஆணிப் பையில் கிடந்த அம்பு

மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகிறவர்களிடம் எப்போதும் இரண்டு பை இருக்கும். இடுப்பில் கட்டிய சின்னப் பையில் காசு, பித்தான், பக்கிள் மாதிரி உருப்படியான சாமான்கள். தோளில் தொங்கும் பெரிய பையில் குப்பை: பீர் டப்பா மூடி, தோட்டாவின் பித்தளை அடிப்பாகம், டிராக்டரிலிருந்து கழன்று விழுந்த போல்ட், அப்புறம் ஆணி. ஆணி என்றால் அள்ள அள்ளக் குறையாத ஆணி. எனக்குக் கிடைத்த ஒரே நல்ல அம்புமுனை அந்தக் குப்பைப் பையில்தான் ஒன்பது நாள் கிடந்தது.

வடக்கு யார்க்‌ஷரில் குடியேறி இது பதினொன்றாவது வருடம். கொரோனா ஊரடங்கின்போது நடக்க ஒரு சாக்கு வேண்டுமென்று இந்தப் பொழுதுபோக்கில் இறங்கினேன். ஆடும் பார்லியுமாகப் பிழைக்கும் ஒரு விவசாயி, அறுவடை முடிந்த வயல்களில் நடக்க அனுமதி தந்தார். குழியை மூடிவிட வேண்டும், வேலிக் கதவைச் சாத்திவிட வேண்டும், கிடைப்பதை அவரிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோவில் ஒரு தடவை காட்டினேன். “ஏலே, ஒன்னயப் படிக்க வச்சு சீமைக்கு அனுப்புனது மண்ணக் கிண்டவா?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் தாமிரபரணிக் கரைக்காரர்கள். ஆதிச்சநல்லூர் பறம்பு பஸ் ஜன்னலில் இருந்தே தெரியும். நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே முதுமக்கள் தாழிகளைத் தோண்டி எடுத்தபோது வாள், ஈட்டியோடு இரும்பு அம்புமுனைகளும் கிடைத்தன என்று பள்ளிக்கூடத்தில் கேட்டது ஞாபகம் இருக்கிறது. அதனால் ஒரு வார்த்தை: இதைப் படித்துவிட்டு யாரும் ஊரில் டிடெக்டர் வாங்கிக் கிளம்பிவிட வேண்டாம். நம் நாட்டில் 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் கிடைப்பது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். பாதுகாக்கப்பட்ட மேட்டில் மண்வெட்டி வைப்பது தனிக் குற்றம். இங்கிலாந்திலும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களுக்குள் அனுமதியில்லாமல் டிடெக்டரோடு நுழைய முடியாது. 1979-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. சாதாரண உழவு வயலில் மட்டும், நிலத்துக்காரர் சரி என்றால் தேடலாம்.

சரி, அம்புக்கு வருவோம்.

டிடெக்டர்காரர்களுக்கு அம்புமுனை அபூர்வமாகத்தான் கிடைக்கிறது. மண்ணில் இல்லாததால் அல்ல, நாமே காதைப் பொத்திக்கொள்வதால். இடைக்கால அம்புமுனை இரும்பு. ஆணியும் இரும்பு. ஒரு ஏக்கர் வயலில் ஆயிரம் ஆணி கத்தினால் மனிதன் பைத்தியமாகிவிடுவான் என்று, இரும்பின் சத்தத்தை வடிகட்டும் வசதியைக் கருவியிலேயே வைத்திருக்கிறார்கள். என்னுடையது மைன்லேப் ஈக்வினாக்ஸ். அதில் குதிரை லாடப் படம் போட்ட ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் வடிகட்டல் நின்றுபோய் இரும்பும் கேட்கத் தொடங்கும். வெள்ளிக் காசு கிணுங் என்று மணி மாதிரி ஒலிக்கும். இரும்பு தொண்டை கட்டிய எருமை மாதிரி முனகும். அந்த முனகலை நாள் முழுக்கக் கேட்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

எங்கள் ஊரிலிருந்து காரில் போகிற தூரத்தில் டௌட்டன் போர்க்களம் இருக்கிறது. 1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு. இங்கிலாந்துச் சிம்மாசனத்துக்காக யார்க் படைக்கும் லங்காஸ்டர் படைக்கும் பனிப்பொழிவின் நடுவே சண்டை. காற்று யார்க் பக்கமிருந்து வீசியதால் அவர்களுடைய அம்பு எதிரியைத் தொட்டது. எதிரியின் அம்பு பாதியிலேயே விழுந்தது. இத்தனை அம்பு பறந்த களத்தில் டிடெக்டர்காரர்கள் பல காலம் ஏன் அம்புமுனையைப் பார்க்கவில்லை? இரும்பை வடிகட்டிவிட்டுத் தேடியதால்தான். டிம் சதர்லண்ட் போன்ற தொல்லியலாளர்களும் அவர்களோடு சேர்ந்த உள்ளூர் டிடெக்டர்காரர்களும் வடிகட்டலை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு முனகலையும் தோண்டி, கிடந்த இடத்தைக் குறித்து வைத்தார்கள். அதன் பிறகுதான் அம்புமுனைகள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்தன. அவை கும்பலாகக் கிடந்த இடத்தை வைத்து, அம்பு மாரி எங்கே பொழிந்தது என்று வயலிலேயே கோடு கிழிக்க முடிந்தது.

இதைக் கேள்விப்பட்ட ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முதலாக லாடப் பொத்தானை அமுக்கினேன். அன்றைக்கு நாற்பத்தொரு ஆணி.

அம்புமுனை விஷயத்தில் என் முதல் இரண்டு அனுபவமும் வெளியே சொல்ல வெட்கமானவை. சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலாவது, சுண்டுவிரல் நுனி அளவுக்குத் தோட்டா வடிவில் ஒரு இரும்புக் குப்பி. உள்ளே குழல், வெளியே கூர்முனை. கவசம் துளைக்கும் போர் அம்பு என்று அன்று ராத்திரி தூங்கவே இல்லை. மாவட்டத்தில் இதற்கென்றே ஒரு அலுவலர் இருக்கிறார். போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்று 1997-இல் தொடங்கிய திட்டம். பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருளைப் பார்த்துப் பதிவு செய்வது அதன் வேலை. பிரிட்டிஷ் மியூசியம் நடத்துகிறது. இன்றைக்கு அதன் பதிவேட்டில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உண்டு. அந்த அலுவலர் என் குப்பியைக் கையில் வாங்கி, குழலின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார்.

“பக்கவாட்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக, நேராக இருக்கிறது பாருங்கள். கொல்லர் சம்மட்டியால் அடித்தது இப்படி வராது. இது இயந்திரத்தில் கடைந்தது. விக்டோரியா காலத்துப் பெரிய வீட்டு அம்மணிகள் புல்வெளியில் வைக்கோல் வட்டத்தைக் குறிவைத்து அம்பு விடுவார்கள் அல்லவா, அந்த அம்பின் முனை.”

தேசிய அளவிலான வில்வித்தைப் போட்டியின் முதல் கூட்டம் 1844-இல் நடந்தது இதே யார்க் நகரத்தில்தானாம். கவசம் துளைக்கும் என்று நான் நினைத்தது வைக்கோல் துளைக்கிற அம்பு. இந்தத் தவறை நான் மட்டும் செய்யவில்லை. கைத்தடியின் அடியில் போடும் பூணையும் (நம் ஊர் உலக்கைப் பூணின் தம்பி என்று வையுங்கள்) இரும்புக் கிராதியின் ஈட்டி முனையையும் பரம்புச் சட்டத்தின் பல்லையும் அம்பு என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம் என்று அவர் சொன்னபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இரண்டாவது இதைவிட மோசம். அது உண்மையிலேயே பழசு. இலை வடிவில், குழலோடு. துரு மூடியிருந்ததால் ‘சுத்தம்’ செய்யலாம் என்று இரண்டு நாள் வினிகரில் ஊறப்போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் அடித்த இரும்பில் பெரும்பகுதி இப்போது இரும்பே கிடையாது, துரு. அதன் பழைய மேற்பரப்பு இருப்பதும் அந்தத் துருவுக்குள்தான். நான் உரித்து எறிந்தது அழுக்கை என்று நினைத்தேன், அம்பையே உரித்திருக்கிறேன். கடைசியில் மிஞ்சியது பல் குத்தும் குச்சி மாதிரி ஒரு கறுப்புத் துண்டு. குழலுக்குள் இருந்த பழுப்புப் பொடியைக் கரண்டிக் காம்பால் குடைந்து தொட்டியில் ஊற்றியதும் நான்தான். அந்தப் பொடி அநேகமாக அம்புத் தண்டின் மரம். இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் உப்புகள் பக்கத்து மரத்துக்குள் ஊறி, நார் நாராக அச்சுப் பிடித்துக் கெட்டியாகும். நுண்ணோக்கியில் வைத்தால் என்ன மரம் என்று சொல்லிவிடுவார்களாம். மரம் மரமாகவே கொஞ்சம் மிஞ்சியிருந்தால் கார்பன் காலக்கணிப்புக்கும் வழியுண்டு. என் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் ஒருவேளை ஒரு நூற்றாண்டே கரைந்து போயிருக்கிறது.

கடலில் இதற்கு நேர் தலைகீழ். எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் கப்பல் 1545-இல் மூழ்கியது, 1982-இல் தூக்கினார்கள். அதில் ஆயிரக்கணக்கான அம்புகள். சேறு மூடியதால் மரத்தண்டு நேற்றுச் சீவியது போல இருந்தது. இரும்பு முனைகள்தான் கிட்டத்தட்ட எல்லாம் கரைந்துவிட்டன. ஆகவே அக்கால அம்புத் தண்டின் கனம் நமக்கு நன்றாகத் தெரியும், அரை அங்குலத்தை ஒட்டி. வயலில் கிடைக்கும் முனையின் குழலை அளக்க அதுவே ஒரு படி. குழல் அதைவிட நன்றாகப் பெரிதாகவும், முனை கைக்குக் கனமாகவும், வெட்டுமுகம் சதுரமாகவும் இருந்தால் அது கையில் பிடிக்கும் வில்லின் அம்பாக இருக்காது. குறுக்குவில்லின் கட்டை அம்பாக இருக்கலாம், இல்லையென்றால் இன்னும் பழைய, ரோமானியர்கள் அம்பு எய்யப் பயன்படுத்திய பொறியின் அம்பாக இருக்கலாம்.

மூன்றாவதுதான் நம் கதாநாயகன்.

செப்டம்பர் கடைசி. பார்லி அறுத்த தாள் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. முந்தின நாள் மழை பெய்து மண் புட்டு மாவு பதத்தில் இருந்தது. வேலி ஓரமாக ஒரு முனகல், நடுவில் லேசாக ஒரு கீச்சு. ஒரு சாண் ஆழத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துருக்கட்டி, கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம், ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் மெலிந்து. இரண்டு கூழாங்கல் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. பெரிய தலை வைத்த ஆணி என்று முடிவு கட்டிக் குப்பைப் பையில் போட்டேன். குழியை மூடி நடந்தேன். அந்த இடத்தை எங்கும் குறிக்கவில்லை. ஆணிக்கு யார் குறிப்பார்கள்?

ஒன்பது நாள் கழித்துப் பையைப் பழைய இரும்புக்கு ஒதுக்கியபோது என் மனைவிதான் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “என்னங்க, ஆணிக்கு அடியில ஓட்டை இருக்குமா?”

மெலிந்த பக்கத்தின் நுனியில், மண் அடைத்த ஒரு வட்டம். பென்சில் நுழைகிற அளவு. வட்டத்தின் ஒரு ஓரத்தில் மெல்லிய கோடு. தகடாக அடித்ததை உருட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்த இடம் அது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வினிகர் பாட்டிலை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றினேன். கட்டியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். புதுச் செருப்புப் பெட்டியில் ஈரம் உறிஞ்சப் போட்டிருப்பார்களே, அந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வீடு முழுக்கத் தேடிச் சேர்த்து அதில் போட்டு மூடினேன். மண்ணிலிருந்து வெளியே வந்த இரும்புக்கு ஈரக்காற்றுதான் எமன். உரத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் ஏறிய குளோரைடு உப்பு உள்ளே இருந்துகொண்டு, ஈரம் பட்ட இடத்தில் வியர்வைத் துளி மாதிரி பழுப்பு நீராகக் கசியும். அப்புறம் செதில் செதிலாக உதிரும்.

அலுவலர் அதைக் கண்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒற்றைப் பொருளுக்கென்று தனியாக எக்ஸ்ரே எடுக்க யாரிடமும் பணம் கிடையாது. ஆனால் ஏதோ ஒரு அகழாய்வின் துருக்கட்டிகள் மூட்டையாகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகவிருந்தன. “தகட்டில் ஒரு மூலை காலியாக இருந்தால் உங்களுடையதையும் வைக்கச் சொல்கிறேன்” என்றார். ஆறு வாரம் கழித்து மின்னஞ்சலில் படம் வந்தது.

கறுப்புப் பின்னணியில் மூன்று டஜன் ஆணி, ஒரு கீல், பாதிக் கத்தி. வலது கீழ் மூலையில் என்னுடையது. துரு மங்கலான புகையாகத் தெரிய, அதற்குள் வெள்ளையாக ஒரு உருவம். நடுவில் குழல் முனையை நோக்கிக் கூம்பி ஏறுகிறது. இரு பக்கமும் இரண்டு சிறகு, தூண்டில் முள் மாதிரி பின்னோக்கி வளைந்து குழலின் அடிவரைக்கும் நீள்கின்றன. ஒரு சிறகின் நுனி ஒடிந்திருக்கிறது. நான் கூழாங்கல் ஒட்டிய ஆணித்தலை என்று நினைத்த உப்பல், இரண்டு சிறகுக்கும் நடுவே அடைத்துக் கெட்டிப்பட்ட மண்.

என்ன என்பது தெரிந்தது. எப்போது?

இங்கேதான் என் ஆசையும் உண்மையும் பிரிந்தன. எனக்கு ஒரு வருடம் வேண்டியிருந்தது. முடிந்தால் 1461. அலுவலர் தந்தது ஏறக்குறைய இருநூற்றைம்பது வருடம். பதிமூன்றாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பதினைந்தின் கடைசிவரை.

அம்புமுனைகளை வகைப்படுத்த இங்கே எல்லாரும் புரட்டுவது இரண்டு பட்டியல். ஒன்று லண்டன் மியூசியம் 1940-இல் வெளியிட்டது; வடிவங்களுக்கு எண் போட்டு வரிசைப்படுத்தியது. இன்னொன்று 1996-இல் ஆலிவர் ஜெசப் செய்தது. அவர் வடிவத்தோடு பயனையும் சேர்த்துப் பிரித்தார்: வேட்டைக்கு, போருக்கு, இரண்டுக்கும் பொதுவாக, குழலுக்குப் பதில் வால் வைத்தவை என்று. வால் என்றால், நம் அரிவாளின் வால் பிடிக்குள் இறங்குகிற மாதிரி அம்புத் தண்டின் பிளவில் இறங்குவது. குழல் என்றால் தண்டே இரும்புக்குள் நுழைவது. இங்கிலாந்தில் இடைக்காலத்து முனைகள் பெரும்பாலும் குழல். வால் வைத்தது கிடைத்தால் அதற்கு முந்தைய காலத்தை, ஸ்காண்டிநேவியப் பக்கத்தை ஒரு கண் பார்க்க வேண்டும். மூன்று சிறகும் வாலும் இருந்தால் ரோமானியப் படையின் கிழக்கத்திய வில்லாளிகள் நினைவுக்கு வர வேண்டும். வடக்கு இங்கிலாந்தில் ரோமானியர்கள் கட்டிய ஹாட்ரியன் சுவரின் கார்வோரன் கோட்டையில் சிரியாவிலிருந்து வந்த வில்லாளிப் படை ஒன்று தங்கியிருந்தது. வெண்கலத்தில் வார்த்த மூன்று சிறகுக் குட்டி முனை என்றால் கருங்கடல் பக்கத்துச் சிதியர் பாணி. இங்கிலாந்து வயலில் அது கிடைத்தால், பழம்பொருள் சந்தையில் வாங்கிய யாரோ தொலைத்தது என்ற சந்தேகம்தான் முதலில் வரும். பிரிட்டனின் வெண்கலக் காலத்து வேட்டைக்காரர்கள் அம்புக்குக் கல்லைத்தான் விரும்பினார்கள்.

இப்படி ஆயிரம் வருடத்தை ஐந்நூறாகவும், ஐந்நூறை இருநூறாகவும் வடிவத்தை வைத்துக் குறுக்கலாம். அதற்குக் கீழே வடிவம் இறங்காது. ஊருக்கு ஊர் கொல்லர்கள் பாட்டன் அடித்ததைப் பேரனும் அடித்துக்கொண்டிருந்தார்கள். மோசமான முனைகள் விற்கிறார்கள் என்று 1405-இல் நான்காம் ஹென்றி ஒரு சட்டமே போட்டார்: அம்புமுனைகளை ஒழுங்காகப் பற்றவைக்க வேண்டும், நுனிக்கு எஃகு ஏற்ற வேண்டும், செய்தவர் தன் குறியைப் பொறிக்க வேண்டும் என்று. அந்தக் குறி என் முனையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! டௌட்டனில் கிடைத்த சில முனைகளில் செப்புக் கலவையால் பற்றவைத்த தடம் ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. என்னுடையதில் குறியும் இல்லை, செம்பும் இல்லை.

இன்னொரு மாயையும் போயிற்று. நீண்ட ஊசிமுனை என்றாலே கவசத்தைத் துளைக்க எஃகில் செய்தது என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். லீட்ஸில் உள்ள ராயல் ஆர்மரீஸ் என்ற ஆயுத மியூசியத்தின் ஆய்வில் பார்த்த ஊசிமுனைகள் வெறும் மெல்லிரும்பாக இருந்தன. எஃகு தெரிந்தது சிறிய, ஒடுங்கிய சிறகு வைத்த முனைகளில். என்னுடையது அந்த ஒடுங்கிய வகையும் அல்ல. சிறகு அகலம். ஓடுகிற மானை ஆழமாகக் கிழித்து, ரத்தம் சொட்டும் தடத்தை வைத்து நாய் துரத்தச் செய்கிற முனை. குதிரைமேல் எய்தாலும் இதே வேலையைத்தான் செய்யும் என்பது வேறு விஷயம்.

அலுவலர் பதிவுப் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். “எந்த இடம்?”

“அந்தப் பார்லி வயல். வேலி ஓரம்.”

“வேலி நானூறு மீட்டர் நீளம். அதில் எங்கே?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. குறைந்தது வரைபடத்தின் எட்டு இலக்கக் கட்ட எண்ணாவது வேண்டும், அதாவது பத்து மீட்டருக்குள். அவர் திட்டவில்லை. படிவத்தில் ஆறு இலக்கம் மட்டும் போட்டார். நூறு மீட்டர் சதுரத்தில் எங்கோ ஓரிடம். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

ஒற்றை இரும்பு முனை புதையல் சட்டத்துக்குள் வராது. 1996-ஆம் வருடச் சட்டம் முதன்மையாகப் பொன்னையும் வெள்ளியையும் பார்க்கிறது. அதனால் பதிவு செய்வதே என் விருப்பம்தான், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பதிவுக்குப் போகிற அளவு நல்லவனாக இருந்துவிட்டு, பதிவுக்கு உயிரான ஒரே தகவலைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

அதன் அருமை அன்றிரவு ஜெர்மனியின் ஹார்ட்ஸ்ஹார்ன் கதையைப் படித்தபோதுதான் உறைத்தது. அனுமதி இல்லாமல் இடைக்காலக் கோட்டை ஒன்றைத் தேடிப் போன இரண்டு டிடெக்டர்காரர்களுக்கு 2000-ஆம் வருடம் அந்தக் காட்டில் சில இரும்புச் சாமான்கள் கிடைத்தன. ஒன்றை மெழுகுவர்த்தி வைக்கும் தாங்கி என்று நினைத்தார்கள். 2008-இல் தொல்லியல் துறை கைக்குப் போனபோது அது ரோமானியர்கள் விலங்கின் குளம்பில் கட்டும் இரும்புச் செருப்பு என்று தெரிந்தது. பிறகு மலைச்சரிவு முழுக்க முறையாகத் தேடினால், மூன்று சிறகு அம்புகள், பொறி அம்புகள், ஆணி, காசு என்று ஆயிரக்கணக்கில். பொறி அம்புகள் மண்ணில் குத்தி நின்ற திசையை வைத்து, எந்தப் பக்கமிருந்து எய்தார்கள் என்றே கண்டுபிடித்தார்கள். காலம்? அம்பின் வடிவம் தரவில்லை. கூடவே கிடந்த காசுகளும், நான்காம் ஃபிளாவியா படைப்பிரிவின் பெயர் பொறித்த ஒரு கோடாலியும் தந்தன. கி.பி. 235-ஐ ஒட்டி, மாக்சிமினஸ் பேரரசரின் படையெடுப்பு.

அமெரிக்காவின் டெக்ஸாஸில் பிளாங்கோ பள்ளத்தாக்கு இன்னொன்று. அங்கே டிடெக்டர்காரர் ஒருவருக்குச் செம்பில் செய்த குறுக்குவில் முனைகள் கிடைத்தன. தனியாக ஒன்றைக் கையில் கொடுத்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஆனால் அந்த வறண்ட சமவெளிக்குக் குறுக்குவில்லோடு வந்த ஸ்பானியப் படை கொரோனாடோவுடையது. பின்னால் வந்தவர்கள் துப்பாக்கிக்கு மாறிவிட்டார்கள். முனைகள் கொத்தாகக் கிடந்த இடம் 1541-இல் அவர் கூடாரமடித்த இடம் என்று ஆயிற்று. ஒரே ஒரு வருடம்! எனக்குப் பொறாமையாக இருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. டார்செட்டின் மெய்டன் காசில் என்ற பழங்கால மலைக்கோட்டையில் 1934 முதல் 1937 வரை தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, முதுகெலும்பில் இரும்பு முனை பாய்ந்து நின்ற ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. டார்செஸ்டர் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். நானும் குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன், பிள்ளைகள் அரை மணி நேரம் நகரவில்லை. வீலர் அதையும் சுற்றியிருந்த காயம்பட்ட எலும்புக்கூடுகளையும் சேர்த்து, கி.பி. 43-இல் வெஸ்பாசியனின் ரோமானியப் படை ஒரே நாளில் செய்த படுகொலை என்று அருமையாக எழுதிவிட்டார். பாடப்புத்தகம் வரைக்கும் போயிற்று. போர்ன்மத் பல்கலைக்கழகம் 2025-இல் வெளியிட்ட கார்பன் கணிப்பின்படி அந்த மனிதர்கள் ஒரே நாளில் சாகவில்லை, கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டு வரை பல பத்தாண்டுகளாகச் செத்திருக்கிறார்கள். தெரிந்த ஒரு போருக்கு அம்பை மாட்டிவிடும் ஆசை வீலருக்கே இருந்தது என்றால், குப்பைப் பையோடு திரியும் நான் எம்மாத்திரம்?

அந்த 1940 பட்டியல் வந்த காலத்தில் லண்டன் மியூசியத்தின் தலைவரும் வீலர்தான். அங்கிருந்து 1944-இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்தவர், அடுத்த வருடம் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் குழி போட்டார். அங்கே அவர் செய்தது வேறு ரகம். நம் ஊர்ப் பானை ஓட்டுக்கு அதுவரை யாராலும் வருடம் சொல்ல முடியவில்லை. காலம் தெரிந்த இத்தாலியச் சிவப்புக் கிண்ணத்தின் ஓடு எந்த மண் அடுக்கில் கிடக்கிறதோ, அதே அடுக்கில் கிடக்கும் நம் ஓட்டுக்கும் அதே காலம் என்று பிடித்தார். கூடக் கிடந்த ஓட்டை வைத்து இந்த ஓட்டின் காலம். அடுக்கைக் கலைத்துவிட்டுக் கையில் இரண்டு ஓட்டை வைத்திருந்தால் இரண்டும் ஊமை.

உழவு வயலில் அடுக்கு ஏற்கெனவே கலைந்ததுதான், கலப்பை நூற்றாண்டுகளாகப் புரட்டியிருக்கிறது. இருந்தாலும் இடம் பெரிதாக நகர்வதில்லை. பக்கத்தில் என்ன கிடக்கிறது என்பது இன்னும் பேசும். ஆகவே மறுபடி போனேன், இந்தத் தடவை ஜி.பி.எஸ். கையோடு.

போகுமுன் ஊர் ஆவணக் காப்பகத்தில் பழைய வரி வரைபடம் ஒன்றைப் பார்த்தேன். 1836-இல் தசமபாகச் சட்டம் (விளைச்சலில் பத்திலொரு பங்கைச் சர்ச்சுக்குக் கொடுக்கும் வரி பற்றியது) வந்த பிறகு இங்கே ஊர் ஊராக அளந்து, வயலுக்கு வயல் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். என் பார்லி வயலின் பெயர் ‘பார்க் குளோஸ்’. பிள்ளைகள் விளையாடும் பார்க் இல்லை. இடைக்காலத்தில் பண்ணையார்கள் மான் வளர்க்க மண்கரை எழுப்பி, மேலே மரவேலி கட்டி அடைத்த காட்டுக்குப் பார்க் என்று பெயர். வேலி ஓரமாக நின்று வெயில் சாயும் நேரத்தில் பார்த்தால், தரை லேசாக மேடு தட்டி, வளைந்து போவது தெரிகிறது. மூன்று வருடமாக அதன்மேல் நடந்திருக்கிறேன், கால் இடறியும் இருக்கிறேன்.

விவசாயியிடம் சொன்னேன். “என் தாத்தா காலத்திலிருந்தே அந்த மேட்டில் கலப்பை குதிக்கும்” என்றார். மான் என்று சொன்னதும் அவருக்கு ஆர்வம் வரவில்லை. இப்போதே மான் வந்து பயிரை மேய்கிறதாம்.

மேடு இருக்கிறது, பெயர் இருக்கிறது, அகலச் சிறகு வேட்டை முனை இருக்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஆனால் முனை மேட்டுக்கு உள்பக்கம் கிடந்ததா, வெளிப்பக்கமா? பார்க்குக்குள்ளே எய்தது என்றால் பண்ணையாரின் வேட்டை. வெளியே என்றால் வேலி தாண்டிய மானுக்கு யாரோ ராத்திரியில் குறிவைத்த கதையாகவும் இருக்கலாம். நான் குறிக்காமல் விட்ட பத்து மீட்டருக்குள் அந்தப் பதில் இருந்தது. அலுவலரிடம் மேட்டைச் சொன்னபோது பதிவில் ஒரு வரி சேர்த்தார். காலத்தை ஒரு வருடம்கூடக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் அவர்மேல் எனக்கு மரியாதை குறைந்திருக்கும்.

இப்போது ஆணிக்கும் இடம் குறிக்கிறேன். ஒவ்வொன்றையும் சின்ன உறையில் போட்டு எண் எழுதுகிறேன். மனைவி அலமாரியின் இரண்டாம் தட்டையும் தந்துவிட்டாள். போன ஞாயிறு மேட்டின் உள்பக்கமாகப் பத்து மீட்டர் அகலத்துக்கு மெதுவாக நடந்தேன். லாடப் பொத்தான் அமுக்கியபடி, காது முழுக்க எருமை முனகல். பதினேழு ஆணி, ஒரு கீல், அப்புறம் எண் 212. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கட்டி, ஒரு நுனியில் மண் அடைத்த வட்டம். கைத்தடிப் பூணாகவும் இருக்கலாம். மண்ணை எடுக்கவில்லை. டப்பாவில் இருக்கிறது.